தஞ்சோங் பூங்கா மேடா, பத்து பெரிங்கி கடலோரமா?

கேள்வி: 11 ஆகஸ்ட் 2024

கிள்ளானிலிருந்து எழுதுகிறேன். நானும் மனைவியும் வேலை ஓய்வு பெற்றுவிட்டோம். பினாங்கில் வாடகை வீடு பார்க்கிறோம். இரண்டு வீடு பிடித்திருக்கிறது. ஒன்று தஞ்சோங் பூங்கா என்கிற ஊரில் மலைச்சரிவில் புது கொண்டோ, மாதம் 2,500 வெள்ளி (ரிங்கிட்). காவலுக்கு ஜாகா இருக்கிறார், நல்ல அமைதி. இன்னொன்று பத்து பெரிங்கியில் பழைய அடுக்குமாடி, 1,400 வெள்ளி. கடலுக்கு நடந்தே போகலாம். சொந்தக்காரர்கள் எல்லாரும் "சுற்றுலாக்காரன் சுற்றுகிற இடத்தில் குடும்பம் நடத்த முடியுமா, மேட்டுக்கே போ" என்கிறார்கள். இரண்டு இடத்திலும் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

12 ஆகஸ்ட்

நான் இருந்தேன். பத்து பெரிங்கியில் மூன்று வருஷம். அப்புறம் இங்கே தஞ்சோங் பூங்கா மேட்டுக்கு ஏறி இரண்டரை வருஷம் ஆகிறது. இரண்டும் வாடகைதான்.

நேராகச் சொல்கிறேன், மேட்டுக்கே வாருங்கள். கடலோரத்தில் நாங்கள் பட்ட பாடு போதும். கட்டடம் பழசு. இரண்டு லிஃப்டில் ஒன்று ஏழு மாதம் ஓடவில்லை. ஏர்கோனின் வெளிப்பெட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம் உப்புக் காற்றில் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. ஒரு நாள் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றதைப் பார்த்துவிட்டுக் கீழே ஓடி, அந்த இடத்தில் யாரும் மோட்டார் நிறுத்தாதபடி நானே இரண்டு நாற்காலியைப் போட்டு வைத்தேன். ஆள் வந்து மாட்ட மூன்று நாள். அந்த மூன்று நாளும் நாற்காலிக்குக் காவல் நான்.

இங்கே அந்தத் தொல்லை எதுவும் இல்லை. காலையில் கதவைத் திறந்தால் பறவைச் சத்தம், எதிரே பச்சை, தூரத்தில் கடல் ஒரு கோடு. வேறென்ன வேண்டும்?

12 ஆகஸ்ட், இரவு

மேலே எழுதியதை என் வீட்டுக்காரம்மா, அதாவது மனைவி, படித்தார். அவர் சொன்ன இரண்டு திருத்தம். ஒன்று, அந்த ஏர்கோன் 15 வருஷப் பழசு, எங்கே இருந்தாலும் உதிர்ந்திருக்கும். இரண்டு, "வேறென்ன வேண்டும்" என்று என்னைக் கேட்காமல் எழுதாதீர்கள்.

15 ஆகஸ்ட்

மேடு குளுகுளுவென்று இருக்குமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். எல்லாரும் இப்படித்தான் ஏமாறுகிறோம், நானும் ஏமாந்தேன். மலை என்றதும் மனது கொடிமலைக்கு, அந்தப் பினாங்கு ஹில்லுக்கு, போய்விடுகிறது. கொடிமலை 800 மீட்டரைத் தாண்டும். வெள்ளைக்காரன் 1923இல் அங்கே ரயில் விட்டதே வெயிலுக்குத் தப்பத்தான். ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. எங்கள் கொண்டோ கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட இருக்காது. அப்படியானால் அரை டிகிரி. அரை டிகிரிக்காக மாதம் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி கூடுதலாகக் கொடுக்கிறேன் என்று கணக்குப் போட்டதும் சிரிப்பு வந்தது.

காற்று மட்டும் உண்மை. ஆனால் அது வீடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. எங்கள் படுக்கையறைக்குப் பின்னால் வெட்டிய மலை. சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு கார் அகலம்தான். காற்று வராது, ஈரம் வரும். தோல் செருப்பு, இடுப்பு வார், கல்யாணப் பட்டு, எல்லாவற்றிலும் பூஞ்சணம். அலமாரிக்குள் சின்ன பல்பு ஒன்றை எரியவிட்டுத்தான் புடவைகளைக் காப்பாற்றுகிறோம்.

2 செப்டம்பர்

தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். 'பெரிங்கி' என்றால் என்ன என்று பேரன் கேட்டான். நம் பறங்கிதான். போர்த்துக்கீசியனை, பிறகு எல்லா வெள்ளைக்காரனையும் சொன்ன சொல். பத்து என்றால் மலாயில் கல், பாறை. ஆக, பறங்கிக்கல். சென்னையில் பறங்கிமலை, கடலூர்ப் பக்கம் கடலோரமாகப் பறங்கிப்பேட்டை. மலையா கடலா என்பதில் பறங்கிக்கே குழப்பம் இருந்திருக்கிறது, நமக்கு வருவதில் என்ன.

இன்னொன்று. அப்லாண்ட்ஸ் பள்ளிக்கூடம் 1955இல் கொடிமலை உச்சியில் பழைய கிராக் ஹோட்டலில் தொடங்கியது, தோட்டத்துத் துரைமாரின் பிள்ளைகளுக்காக. இப்போது அது எங்கே இருக்கிறது? பத்து பெரிங்கியில். பெயரில் மட்டும் மேடு.

21 செப்டம்பர்

நான்கு நாளாக மழை. செப்டம்பர், அக்டோபர் இங்கே அப்படித்தான். வீடு பார்க்க வருகிறவர்கள் பிப்ரவரியில் வந்து காய்ந்த சரிவைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். கிள்ளான்காரரே, நீங்கள் இந்த மாதமே வந்து பாருங்கள்.

வந்தால் வரவேற்பறைப் பளிங்கைப் பார்க்காதீர்கள். பின்னால் போய்த் தடுப்புச் சுவரைப் பாருங்கள். நான் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைப் பராமரிப்பில் 27 வருஷம் இருந்தவன். மலைச்சுவர் என் வேலை இல்லை, ஆனால் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பது என் வேலை. சுவரில் வரிசையாகக் குழாய்த் துளைகள் இருக்கும். மழை விட்ட பிறகு அவற்றிலிருந்து தண்ணீர் வடிய வேண்டும். தெளிந்த தண்ணீராக வடிந்தால் சரி. கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். சுற்றியுள்ள துளைகள் எல்லாம் வடிய, ஒன்றிரண்டு மட்டும் காய்ந்து கிடந்தால் அடைத்திருக்கலாம். அந்தத் தண்ணீர் சுவருக்குப் பின்னால் நின்று தள்ளும்.

எங்கள் சுவரில் கீழ்வரிசையில் 31 துளை. இன்று காலை குடையோடு போய் எண்ணினேன். இடப்பக்கத்திலிருந்து மூன்றாவதிலும் எட்டாவதிலும் பெரணி முளைத்து வாயை அடைத்திருக்கிறது. அலுவலகத்தில் சொன்னேன். "செடி அழகாக இருக்கிறதே அங்கிள்" என்றது அந்தப் பெண். சின்னப் பிள்ளை, அவள்மேல் குற்றமில்லை. நானே ஒரு குச்சியால் மூன்றாவதைக் குத்திவிட்டேன். அரை வாளிக்குக் குறையாமல் பழுப்புத் தண்ணீர் செருப்பில் கொட்டியது. எட்டாவது எட்டவில்லை.

பயம் காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். இதே தஞ்சோங் பூங்காவில்தான் 2017 அக்டோபர் 21ஆம் தேதி கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். சரியாக இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 4, 5இல் அந்தப் பெரும்புயல் மழை வந்து தீவே மூழ்கியது. உலு கிள்ளானில் சரிந்த ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடி உங்களுக்கு நினைவிருக்கும், 1993 டிசம்பர் 11, 48 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு விதிகள் கூடியிருக்கின்றன. பினாங்கில் 76 மீட்டருக்கு மேல் இருந்தாலோ 25 டிகிரிக்கு மேல் சரிவு இருந்தாலோ மலைநிலக் கணக்கு. ஆனால் விதி, கட்டும்போது கேட்கிற கேள்வி. 20 வருஷம் கழித்துத் துளையை யார் குத்துகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

22 செப்டம்பர்

எட்டாவதையும் குத்திவிட்டேன். அடுத்த வீட்டுப் பையன் பிள்ளையார் மாதிரி உடம்பு, ஏணியைப் பிடித்துக்கொண்டான். தெளிந்த தண்ணீர்.

23 செப்டம்பர்

"அப்படியானால் கடலோரம் ஆபத்தில்லையா, சுனாமி மறந்துபோச்சா?" என்று ஒருவர் என்னைப் பிடித்திருக்கிறார். மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26 மதியம். மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில். பத்து பெரிங்கியிலும் அலை வந்தது. அப்போது நான் பிறை பக்கம் குடியிருந்தேன், செய்தியில்தான் பார்த்தேன். உங்கள் வாதம் சரி. ஆனால் அந்த அடுக்குமாடியில் எங்கள் வீடு ஒன்பதாவது மாடி, அலைக்கு லிஃப்ட் வேண்டும். லிஃப்ட்தான் ஓடவில்லையே.

கடலில் தினசரி ஆபத்து வேறு. சொறிமீன். பெட்டி மாதிரி உடம்புள்ள வகை இந்தத் தண்ணீரில் உண்டு, கண்ணுக்கே தெரியாது, பட்டால் சாதாரண எரிச்சல் இல்லை. மூன்று வருஷத்தில் நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கியது ஐந்தாறு தடவை இருக்கும். தண்ணீரும் கலங்கல்தான். விளம்பரப் படத்து நீலத்தை எதிர்பார்த்து வராதீர்கள். கடல் பார்க்க, நடக்க, உட்கார. குளிக்க இல்லை.

9 அக்டோபர்

பணம். கேள்வி கேட்டவர் வாடகையை மட்டும் எழுதியிருக்கிறார், அது பாதிதான்.

நாங்கள் கடலோரத்தில் கொடுத்தது 1,300. (வீட்டுக்காரம்மா: 1,350.) இங்கே 2,400. வித்தியாசம் ஆயிரம் என்று நினைத்துத்தான் ஏறினோம். இங்கே வந்ததும் இரண்டாவது கார் தேவைப்பட்டது. கொண்டோ வாசலிலிருந்து பெரிய சாலைக்கு அறுநூறு மீட்டர் செங்குத்து இறக்கம், நடைபாதை கிடையாது. இறங்கலாம், தேங்காய்ப்பாலும் கீரையும் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. கிராப் வாடகைக் கார் கூப்பிட்டால் பாதிப் பேர் மேட்டைப் பார்த்ததும் ரத்து செய்கிறார்கள். பத்து பெரிங்கியில் வாசலிலேயே பேருந்து நிற்கும். 101ஆம் எண் நகரத்துக் கொம்தார் கட்டடம் வழியாகப் படகுத்துறை வரை போகும், 102 விமான நிலையம் வரை. அந்த மூன்று வருஷம் என் கார் வாரத்துக்கு இரண்டு நாள் நகர்ந்தால் அதிகம்.

அப்புறம் கட்டடம். பராமரிப்புக் கட்டணம் வீட்டுக்காரர் கட்டுவது, நமக்கென்ன என்று விட்டுவிடக் கூடாது. 2013ஆம் வருஷச் சட்டப்படி அந்தக் கட்டணத்தோடு, அதில் பத்து விழுக்காட்டுக்குச் சமமான தொகையைச் சிங்கிங் ஃபண்டு என்கிற சேமநிதிக்குத் தனியாகக் கட்ட வேண்டும். லிஃப்ட் மாற்ற, வண்ணம் பூச எல்லாம் அதிலிருந்துதான். எங்கள் கடலோரக் கட்டடத்தில் அது பேருக்கேற்ற மாதிரி மூழ்கியே கிடந்தது. பாதி வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில், கட்டணம் கட்டுவதில்லை. யார் யார் எவ்வளவு பாக்கி என்று லிஃப்ட் பக்கத்திலேயே பட்டியல் ஒட்டியிருப்பார்கள். வீடு பார்க்கப் போகும்போது முதலில் அந்தப் பட்டியலின் நீளத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் என்றால் பரவாயில்லை. எங்களுடையது நான்கு பக்கம், சின்ன எழுத்தில்.

10 அக்டோபர்

நான்கு இல்லை, மூன்று பக்கம். ஆனால் சின்ன எழுத்து உண்மை.

3 நவம்பர்

தீபாவளி முடிந்தது. 'நல்ல அமைதி' என்று கிள்ளான்காரர் கேள்வியில் எழுதியதை எடுத்துப் பார்க்கிறேன்.

மேட்டில் கீழேயுள்ள சத்தம் எல்லாம் ஏறி வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெரிய சாலையில் போகும் மோட்டார், திடலில் நடக்கும் கல்யாணத்து ஒலிபெருக்கி, எதிர்ச்சரிவில் பாறை உடைக்கும் இயந்திரம், எல்லாம் கிண்ணத்துக்குள் விழுந்த மாதிரி சுற்றிச் சுற்றி வரும். இரவு பத்து மணிக்கு மேல் நாய்கள். ஒன்று குரைத்தால் மூன்று சரிவும் பதில் சொல்லும்.

பத்து பெரிங்கியில் பகலெல்லாம் ஜெட் ஸ்கீ இரைச்சல், மாலையானால் சாலையோரக் கடைகள், விடுமுறையில் வண்டி நகராது. ஆனால் இரவு பதினொன்றரைக்கு மேல் அலை மட்டும்தான். அதைச் சத்தம் என்று யாரும் எண்ணமாட்டார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அங்கே எங்களைத் துரத்தியது அலையோ கடையோ இல்லை. மேல்வீடு. அதைத் தினவாடகைக்கு விட்டிருந்தார் ஒருவர். வெள்ளிக்கிழமை இரவு பெட்டி உருட்டும் சத்தம், நள்ளிரவுக்கு மேல் பாட்டு. இந்த மாதிரி தினவாடகையைக் கட்டட நிர்வாகம் தடுக்கலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இலேயே சொல்லிவிட்டது. சொல்லி என்ன, எங்கள் கட்டடத்தில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவரக் கூட்டம் போட்டால் ஆள் சேராது. ஆகவே அங்கே பார்க்கிறவர்கள் வெள்ளி இரவு ஒன்பது மணிக்குப் போய் வாகன நிறுத்துமிடத்தில் நில்லுங்கள். எத்தனை பேர் சாவியைத் தபால்பெட்டியில் தேடுகிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

5 நவம்பர்

குரங்கு பற்றிக் கேட்டவருக்கு: உண்டு. இரண்டு சாதி. கெரா என்பது ரவுடி, வாரம் ஒரு முறையாவது எங்கள் பால்கனிக்கு வரும். ரொட்டியை எடுத்துக்கொண்டு பொட்டலத்தை நம் மேலேயே வீசும். லோதோங் வேறு. கறுப்பு உடம்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மூக்குக்கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி உட்கார்ந்து இலை தின்னும். தெலுக் பஹாங் சாலையில் அவை அடிபடுகின்றன என்று 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு மரத்துக்கு மரம் ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள். குரங்குக்குச் சாலையைக் கடக்கப் பாலம் இருக்கிறது. எங்கள் மேட்டில் மனுஷனுக்கு நடைபாதை இல்லை.

28 டிசம்பர்

நேற்று முன்தினம் சுனாமிக்கு இருபது வருஷம். பத்து பெரிங்கிக்குப் போகலாம் என்றார் வீட்டுக்காரம்மா. பள்ளி விடுமுறை, வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. எங்கள் சந்திப்பிலிருந்து கிளம்பி, பேர்பாதி நேரம் ஒரே பேருந்தின் பின்புறத்தைப் பார்த்தபடி, போய்ச் சேர ஐம்பத்தைந்து நிமிஷம். சாதாரண நாளில் பதினைந்துகூட ஆகாது. வளைந்து வளைந்து போகும் அந்த ஒரு சாலைதான். மறுபக்கம் பாலிக் பூலாவ் வழியாகச் சுற்றினால் மலைப்பாதை. இணைச்சாலை வரும் என்கிற பேச்சு வருஷக்கணக்காக இருக்கிறது. பத்து பெரிங்கிக்குப் போகிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நெஞ்சுவலி விடுமுறை நாளில் வரக்கூடாது.

பழைய கட்டடத்துக்கு எதிரே வாதாமரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு. வீட்டுக்காரம்மா தினமும் காலையில் நடந்துவிட்டு அதில்தான் உட்காருவார். கூட ஒரு சீனத்துப் பாட்டி, அப்புறம் நாசி லெமாக் விற்கும் மலாய்க்கார அம்மா, மக்சிக். மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை சரியாக வராது. தினமும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். அன்றைக்குப் போனபோது பாட்டி இருந்தார். இவரைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். இவரும் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். நான் காப்பி வாங்கப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது கார் நகராத நேரத்தில் கேட்டேன், மேட்டில் உனக்கு யார் பழக்கம் என்று. "ஜாகா" என்றார். நேப்பாளத்துப் பையன். போன மாதம் அவனையும் மாற்றிவிட்டார்கள்.

13 பிப்ரவரி 2025

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனோம். 513 படி. வருஷா வருஷம் ஏறுகிற வீட்டுக்காரம்மா, இந்த வருஷம் பாதியில் உட்கார்ந்துவிட்டார். மருத்துவர் சொன்னதை அங்கேதான் என்னிடம் சொன்னார்: முழங்கால் தேய்மானம், நடக்க வேண்டும், ஆனால் சமதரையில். மூன்று மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார், நான் மேட்டு வீட்டைப் பிடித்துக்கொண்டு திரிகிறேன் என்று. படியில் உட்கார்ந்தபடி நான் ஆகஸ்டில் இங்கே எழுதிய "வேறென்ன வேண்டும்" நினைவுக்கு வந்தது.

கடலோரத்தில் மூன்று வருஷம் தினமும் நடந்தவர், மேட்டிலும் மூன்று வருஷம் கார் ஏறித்தான் வெளியே போயிருக்கிறார். நான் துளைகளை எண்ணினேன், இதை எண்ணவில்லை.

19 பிப்ரவரி

கிள்ளான்காரர் எழுதியிருக்கிறார். மேட்டு வீட்டையே எடுத்துவிட்டாராம், அக்டோபர் மழையில் வந்து சுவரைப் பார்த்துவிட்டுத்தான். துளைகள் சுத்தமாக வடிந்தன, அலுவலகத்தில் சுவருக்கென்று தனிப் பதிவேடே வைத்திருக்கிறார்கள் என்கிறார். அவர் மனைவிக்குத் தோட்ட வேலை பிடிக்கும், இரண்டு பேரும் கார் ஓட்டுகிறார்கள். நல்ல முடிவுதான். நான் சொன்னதைக் கேட்டு நான் செய்யாததைச் செய்திருக்கிறார்.

நாங்கள் இறங்குகிறோம். பழைய கட்டடம் இல்லை, அந்தப் பட்டியல் இப்போது ஐந்து பக்கம். அதற்கு இரண்டு கட்டடம் தள்ளி, நான்காவது மாடி, 1,500. வெள்ளி இரவு இரண்டு தடவை போய் வாகன நிறுத்துமிடத்தில் நின்று பார்த்தேன். ஒரே ஒரு பெட்டிதான் உருண்டது, அதுவும் தங்கச்சி வீட்டுக்கு வந்த ஆள். லிஃப்ட் இரண்டும் ஓடுகிறது. ஜன்னல் கீலில் விரலை வைத்தேன், துரு விரலோடு வந்தது. அது வரும் என்று தெரிந்துதான் போகிறோம்.

2 மார்ச்

பெட்டி கட்டுகிறோம். கட்டிலுக்கு அடியில் என் கறுப்புத் தோல் செருப்பு கிடைத்தது, பச்சையாக. தூக்கிப் போடவா என்றேன். வேண்டாமாம், கொண்டுபோய் அங்கே பால்கனியில் காயவைக்கலாமாம்.